அப்புத்தளையிலிருந்து லிப்டன் சீட் வரை கால்நடையாக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தச் சாலை?

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை மாவட்டத்தில், ஒரு மலை முகட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன டவுன் அப்புத்தளை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,430 மீட்டர். பெயர்ப்பலகைகளில் ஹப்புத்தளை என்றிருக்கும், பேச்சில் அப்புத்தளைதான். டவுனிலிருந்து கிழக்கே ஒரு ஒடுக்கமான தார்ச்சாலை, மலையைச் சுற்றிச் சுற்றி ஏறக்குறைய 10 கிலோமீட்டர் போய், தம்பேதன்னை தேயிலைத் தொழிற்சாலை வாசலில் நிற்கும். அங்கிருந்து அதைவிட ஒடுக்கமான தோட்டத்துப் பாதை சுமார் 7 கிலோமீட்டர் மேலேறி, 1,970 மீட்டர் உயரத்தில் லிப்டன் சீட் என்ற முனையில் முடியும்.

பெரும்பாலானோர் விடியற்காலையில் ஓட்டோ பிடித்து உச்சிக்குப் போய், படம் எடுத்து, பிளேன்டீ (பால் சேர்க்காத தேநீர்) குடித்து, அதே ஓட்டோவில் இறங்கிவிடுகிறார்கள். பயணக் கட்டுரைகளிலும் அந்த உச்சிதான் வருகிறது. என் கணக்கில் உச்சிக்குப் பத்துக்கு ஐந்து மதிப்பெண், சாலைக்கு ஒன்பது. இந்தப் பக்கத்தில் சாலையைப் பற்றியே அதிகம் இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஏறி நடப்பதா, இறங்கி நடப்பதா?

இறங்கி நடங்கள். விடியும் முன்பே ஓட்டோவில் உச்சிக்குப் போய்விட்டு, அங்கிருந்து தொழிற்சாலை வரை நடந்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரம். முழங்கால் ஒத்துழைத்தால் அப்படியே டவுன் வரைக்கும் வரலாம். நின்று நின்று, தேத்தண்ணி குடித்து, ஆட்களோடு பேசி வந்தால் முழுத் தூரத்துக்கும் ஐந்தாறு மணி நேரம் ஆகும்.

இறங்கும்போது மூச்சு வாங்காது என்பது ஒரு வசதி. அதைவிடப் பெரிய வசதி நேரம். நீங்கள் உச்சியிலிருந்து கிளம்பும் வேளையில்தான் தோட்டத்தில் வேலை தொடங்குகிறது. காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் பேர் பதிந்து, எந்த மலைக்கு எந்த ஆள் என்று பிரித்து அனுப்பியபின், பெண்கள் சிறு சிறு கூட்டமாக ஏறி வருவார்கள். ஏறுகிற அவர்களும் இறங்குகிற நீங்களும் பாதி வழியில் முகத்துக்கு முகம் சந்திப்பீர்கள். பின்னாலிருந்து அவர்களைத் தாண்டிப் போவதைவிட அது நல்லது.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

டவுனிலிருந்து அதிகாலை ஐந்து மணிக்கு முன். அப்புத்தளை முகட்டின் தெற்குப் பக்கம் மலை சட்டென்று சமவெளிக்கு இறங்கிவிடுகிறது. கீழே சூடேறும் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு அந்தச் சரிவில் ஏறி, மேலே வந்ததும் குளிர்ந்து மேகமாகிவிடும். அதனால் காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் உச்சியில் நின்றால் வெள்ளைப் புகையைத் தவிர ஒன்றும் தெரியாமல் போகலாம். தெளிவான காலையில் உடவளவை நீர்த்தேக்கம் தகடாய் மின்னும். அதற்கும் அப்பால் தெற்குக் கடற்கரைப் பக்கம் வரை கண் போகும். ஐந்து மாகாணங்கள் தெரியும் என்று அங்கே சொல்வார்கள். எனக்கு மாகாண எல்லை எதுவும் கண்ணில் பட்டதில்லை.

எந்த மாதம் நல்லது?

சனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை காலைகள் தெளிவாக இருக்கும். சூன் முதல் செப்டம்பர் வரை ஊவாவில் வறண்ட காலம். மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு வரும் தென்மேற்குக் காற்று, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்த கச்சான் காற்றாகிவிடும். தொப்பி நிற்காது. ஆனால் ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுப்பதே அந்தக் காற்றுதான். வறட்சியில் தளிர் மெதுவாக வளர்ந்து வாசம் ஏறுவதால், சூலை முதல் செப்டம்பர் வரை வரும் தூளுக்கு ஏலத்தில் தனி மதிப்பு.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். அதற்கான காரணம் கீழே, மண்சரிவு பற்றிய கேள்வியில் இருக்கிறது.

அப்புத்தளை டவுனில் பார்க்க என்ன இருக்கிறது? பேசாமல் பக்கத்துச் சுற்றுலா ஊரான எல்லவுக்குப் போய்விடலாமா?

பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அதனால்தான் அப்புத்தளை இன்னும் ஊராக இருக்கிறது. இங்கே கடைகள் ஊர் ஆட்களுக்காகத் திறந்திருக்கின்றன: வெற்றிலைக் கடை, மண்வெட்டிக் கடை, தையல் கடை, சம்பள நாள் வரை கடன் எழுதும் பலசரக்குக் கடை. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் மூவரும் கலந்த டவுன். கோயில், பன்சல (பௌத்த விகாரை), பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் கூப்பிடு தூரத்துக்குள்.

நடுத் தெருவின் ஒரு முனையில் நின்றால் சாலை அப்படியே வானத்துக்குள் போய் அறுந்துவிட்டதைப் போலத் தெரியும். அதன் பிறகு பள்ளம்தான். மதியத்துக்கு மேல் அந்தப் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி, தெருவுக்குள் நுழைந்து, தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து மறுபக்கம் இறங்கும். காய்கறிக்காரர் தார்ப்பாயை இழுத்து மூடுவார், எதிர்க்கடை மறையும், பத்து நிமிடத்தில் மீண்டும் வெயில்.

ரயில் இங்கே வந்தது 1893ஆம் ஆண்டு. பதுளை வரை பாதை போய்ச் சேர இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல், 1924 வரை ஆனது. அந்த இடைக்காலத்தில் சுற்றுவட்டாரத் தோட்டங்களின் தூள் பெட்டிகள் கொழும்புக்குப் போக இறங்கிய இடங்களில் இதுவும் ஒன்று. டவுன் வளர்ந்ததும் அப்படித்தான். கொழும்பிலிருந்து ரயிலில் சுமார் ஒன்பது மணி நேரம். அவசரக்காரர்கள் பஸ்ஸில் இரத்தினபுரி, பெரகலை வழியாக வரலாம். பெருமழை பெய்த நாட்களில் மலைநாட்டு ரயில் பாதியில் நிற்பதுண்டு. முந்தின நாளே நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

லிப்டன் யார்? உண்மையிலேயே அங்கே உட்கார்ந்தாரா?

தாமஸ் லிப்டன் 1848இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர். பலசரக்குக் கடை வைத்து, அதைக் கிளை கிளையாகப் பெருக்கியவர். 1890இல் இலங்கைக்கு வந்தபோது இங்கே தோட்டங்கள் மலிவு விலையில் கிடந்தன. 1869இல் கோப்பி இலையில் தோன்றிய துரு நோய் அடுத்த சில ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்களை அழித்து, துரைமார் பலரைக் கடனாளிகளாக்கியிருந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைப் பயிர் அந்த வெற்றிடத்தில் பரவிக்கொண்டிருந்தது. லிப்டன் தம்பேதன்னை உட்பட இந்தப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கினார். தொழிற்சாலை எழுந்ததும் அதே 1890இல். இடைத்தரகர் இல்லாமல் தன் தோட்டத்துத் தூளைத் தன் கடையிலேயே பொட்டலம் கட்டி விற்றதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

உச்சியில் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்வையிட்டார், விருந்தாளிகளை அழைத்துப் போனார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. இப்போது அங்கே கோப்பையோடு உட்கார்ந்திருக்கும் அவருடைய சிலை இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுக்கலாம். அந்த உச்சிக்குப் பாதை வெட்டி, கல் அடுக்கி, கான் (வடிகால்) தோண்டி, சரிவு முழுக்கச் செடி நட்டவர்களுக்கு அங்கே சிலை எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் கட்டியது உங்கள் காலடியிலேயே இருக்கிறது. இறங்கும்போது சாலையின் மேல்புறத்துச் சுவரைப் பாருங்கள்: சாந்து பூசாமல், கல்லுக்குள் கல்லைக் கவ்வவிட்டு அடுக்கியது. இடுக்குகளில் பாசியும் பன்னமும் வேர் பிடித்திருக்கின்றன. மலைத்தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்காமல் கசிந்து கானில் இறங்கட்டும் என்றுதான் அப்படி அடுக்கினார்கள். அண்மையில் சிமென்ட் பூசிக் கட்டிய சில இடங்களில் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது. பழைய அடுக்கு அப்படியே நிற்கிறது.

வழியில் இருக்கும் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வாழ்பவர்கள் யார்? தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களா?

அவர்களுடைய பாட்டன் பூட்டன் வந்தவர்கள். இவர்கள் இங்கேயே பிறந்தவர்கள், மலையகத் தமிழர். கேள்வியை மாற்றிக் கேட்பதுதான் மரியாதை: “உங்களுக்கு இந்தியாவில் எந்த ஊர்?” என்று ஆரம்பிக்காதீர்கள். நாலைந்து தலைமுறை ஆகிவிட்டது. நிறையப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அவர்களாகவே சொல்வார்கள்.

நடக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி, இந்த வரலாறே ஒரு நடையில் தொடங்கியது என்பது. 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காகத் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டுக்குள் வடக்குப் பாதை வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் தாகத்திலும் வழியிலேயே செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். பிழைத்தவர்கள் அங்கிருந்து கண்டிச் சீமைக்கும், பிறகு ஊவா மலைகளுக்கும் ஏறினார்கள். கோப்பி பருவப் பயிர், பறித்துவிட்டுத் திரும்பலாம். தேயிலைக்கு ஆண்டு முழுக்க ஆள் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக, ஆள் பிடித்து மேய்க்கும் கங்காணிமார் கூட்டி வந்து லயங்களில் குடியமர்த்தினார்கள். வழிச்செலவும் முன்பணமும் கடனாக ‘துண்டில்’ எழுதப்பட்டன. தோட்டம் மாறினால் துண்டும் கூடவே போகும். அந்த முறை ஒழிந்தது 1921இல்.

1948இல் புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடு நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டம் இவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று தலை எண்ணிப் பிரித்தது. ஒரே காம்பராவில் (அறையில்) அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு. நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் தாயகம் திரும்பியோர் குடும்பங்கள் அப்படிப் போனவர்கள்தாம். தமிழ்நாட்டு வாசகர் யாராவது அங்கே பேசிப் பார்த்திருந்தால், தம்பேதன்னைப் பேச்சு உடனே பழகிய பேச்சாகக் கேட்கும். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு இலங்கை 2003இல்தான் சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தது.

லயம் என்பது முதுகோடு முதுகு ஒட்டிய நீண்ட வரிசை வீடு. பழைய கணக்கில் ஒரு காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதில் ஒரு குடும்பம். ஆங்காங்கே ஏழு பேர்ச் (சுமார் 1,900 சதுர அடி) நிலத்தில் கட்டிய தனி வீடுகளையும் இப்போது பார்ப்பீர்கள். பழைய லயங்களும் நிற்கின்றன. அவற்றில் ஆட்கள் இருக்கிறார்கள்.

வழியில் கொழுந்து பறிப்பதைப் பார்க்க முடியுமா?

ஞாயிறும் போயா தினமும் (முழுநிலா விடுமுறை) தவிர்த்து, சாலையோரத்திலேயே பார்க்கலாம். அவசரப்படாமல் ஒருவருடைய கையைக் கவனியுங்கள். இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டியிருப்பார். செடியின் முரட்டுக் கிளை கிழிக்காமலும் பனி நனைக்காமலும் இருக்க அது. செடியின் மேல் மட்டக்கம்பைப் படுக்க வைப்பார். அதற்கு மேலே நிற்கும் இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான் அன்றைய கொழுந்து. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முறிகிறதே தவிர, நகம் படுவதில்லை. இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்யும், கண் அடுத்த செடியில் இருக்கும். உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்கு மேலாக வீசுவார்; பின்னால் தலையில் கயிறு மாட்டித் தொங்கும் கூடையிலோ பையிலோ தவறாமல் விழும்.

பிறகு மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) நிறுவை. பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, 18, 20 கிலோ என்று கணக்கு. குறைந்தால் அரைப் பேர். ஈரத்துக்கும் பைக்குமென்று சில கிலோவைக் கழிப்பார்கள். மலையகம் முழுக்க அதில்தான் வாக்குவாதம். நிறுவைத் தராசைச் சுற்றி ஆட்கள் நிற்கும் நேரத்தில் போய்ப் பேட்டி எடுக்காதீர்கள்.

படம் எடுக்கலாமா? காசு கொடுக்கலாமா?

கேட்டு எடுங்கள். “அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?” என்றால் பெரும்பாலும் சிரித்துத் தலையாட்டுவார்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். வயதானவர்களை அம்மா, ஐயா என்று கூப்பிட்டால் போதும். அவர்கள் உங்களைத் தம்பி, தங்கச்சி, பிள்ளை என்று கூப்பிட ஐந்து நிமிடம் போதும். லயத்துக்கு நேராகக் கேமராவைத் திருப்ப வேண்டாம். அது யாரோ ஒருவருடைய குசினியும் குளிக்கும் இடமும்.

படம் எடுக்க நின்றவருக்கு வேலை நேரம் போகிறது, ஆகவே அவர் கேட்டால் கொடுப்பதில் தப்பில்லை. பிள்ளைகளுக்கு மிட்டாய், பேனா, காசு எதுவும் வேண்டாம். பள்ளிக்குப் போகிற பிள்ளை ஓட்டோவுக்குப் பின்னால் ஓடக் கற்றுக்கொள்ளும். ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால் தோட்டத்துக் கடையில் சாப்பிடுங்கள், தோட்டத்துப் பையனுடைய ஓட்டோவைப் பிடியுங்கள்.

தொழிற்சாலைக்குள் விடுவார்களா?

கட்டணம் கட்டினால் சுற்றிக் காட்டுவார்கள். வேலை நாளின் காலை நேரம் சிறந்தது. மேல் தளத்தில் நீளத் தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பிக் காற்றூதி வாட்டுவார்கள்; வெட்டிப் போட்ட புல்லின் வாசம் அங்கே. கீழே உருளைகளில் கசக்கி, சலித்து, ஈரத்தில் வைத்துப் பச்சை செம்பாகும்வரை விடுவார்கள். அப்போது வாசம் மாறி ஏறக்குறைய ஆப்பிள் தோல் மணக்கும். பிறகு சூளைக் காற்றில் காய்ந்து தரம் பிரிப்பு. நாலரைக் கிலோ அளவு பச்சைக் கொழுந்து சேர்ந்தால் ஒரு கிலோ தூள். கைப்பேசியையும் கேமராவையும் உள்ளே அனுமதிக்காமல் போகலாம்.

சாப்பாடு?

உச்சியில் ஒரு சின்னக் கடை: பிளேன்டீ, ரொட்டி, கட்டச் சம்பல், வடை. குளிரில் கட்டச் சம்பல் கண்ணில் தண்ணீர் வரவழைக்கும், கேட்டு வாங்குங்கள். தொழிற்சாலைப் பக்கத்துக் கடைகளிலும் சிற்றுண்டி கிடைக்கும். சோறு வேண்டுமென்றால் டவுனுக்குத்தான் வர வேண்டும். தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். பாதையோரப் பீலித் தண்ணீர் பார்க்கப் பளிங்காக இருந்தாலும் மேலே மருந்தடித்த மலை இருக்கலாம்.

அட்டை, நாய், வழி தவறுதல்?

தார்ச்சாலையில் அட்டை அபூர்வம். மழைநாளில் குறுக்குப் பாதையில் புல்லுக்குள் இறங்கினால் ஏறும். சவர்க்காரத்தைக் காலில் தேய்த்துக்கொள்வது தோட்டத்து வழக்கம். சித்தாலேப என்ற மூலிகைத் தைலம் தடவுகிறவர்களும் உண்டு. நாய்கள் குரைக்கும், நின்றால் அடங்கும். வழி தவற வாய்ப்பில்லை, குறுக்குப் பாதைகளைத் தவிர. தேயிலை நிரைகளுக்கு நடுவே இறங்கும் அந்தப் படிகள் வளைவுகளை வெட்டி நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் சில, நேரே யாருடைய வாசலிலாவது போய் நிற்கும்.

மழைக்காலத்தில் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

2014 அக்டோபர் 29 காலையில், இதே மலைத்தொடரின் தெற்குச் சரிவில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே ஆபத்து இருக்கிறது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். மாற்று நிலம் இல்லாமல் ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். செங்குத்தான சரிவு, பல நாள் மழை, அடைந்துபோன கான்கள் மூன்றும் சேர்ந்தால் மண் நிற்காது. பதுளை மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தால் நடையைத் தள்ளிப் போடுங்கள். நீங்கள் வேறு நாள் வரலாம், சாலையோரத்து ஆட்களுக்கு அன்றைக்கு வேறு கவலை இருக்கும்.

சின்னப் பிள்ளைகளோடு போகலாமா?

உச்சியிலிருந்து தொழிற்சாலை வரை பிள்ளைகள் நடந்துவிடுவார்கள். தொழிற்சாலை முதல் டவுன் வரையிலான பகுதியில் பஸ்ஸும் லொறியும் வரும், ஓரமாக ஒதுங்க இடமில்லாத வளைவுகள் உண்டு. அந்தப் பகுதிக்கு பஸ் நல்லது.

இன்னொரு நாள் இருந்தால் வேறு எங்கே நடக்கலாம்?

டவுனுக்கு மேற்கே சுமார் 3 கிலோமீட்டரில் அடிசம் மாளிகை. தாமஸ் வில்லியர்ஸ் என்ற துரை இங்கிலாந்தின் கென்ட் பகுதிக் கிராமத்தின் பெயரை வைத்து 1931இல் கட்டி முடித்த கல்வீடு. இப்போது பெனடிக்டின் துறவிகளின் மடம். பொதுவாக வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும்தான் உள்ளே விடுவார்கள். துறவிகள் செய்யும் ஜாம் வாங்கலாம். அதை ஒட்டித் தங்கமலைக் காடு. முகட்டோரமாக அந்தக் காட்டு வழியே இதல்கஸ்ஹின்ன ரயில் நிலையம் வரை போகும் ஒற்றையடிப் பாதை, சத்தமே இல்லாத நடை. தண்டவாளத்தில் நடந்து திரும்புகிறவர்களைப் பார்த்து நீங்களும் இறங்காதீர்கள், சுரங்கங்கள் இருக்கின்றன.

தேயிலை எங்கே வாங்குவது?

தொழிற்சாலைக் கடையில். பொட்டலத்தின் படத்தைப் பார்க்காமல் தரத்தைக் கேளுங்கள். பால் சேர்த்துக் குடிப்பவர்களுக்கு டஸ்ட் அல்லது பி.ஓ.பி.எஃப் என்ற பொடித் தரங்கள், வெறும் சாயமாகக் குடிக்க அதைவிடப் பெரிய துண்டான பி.ஓ.பி. ஆகஸ்ட், செப்டம்பரில் போனால் அந்தப் பருவத்துத் தூள் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

நடுவில் களைத்துவிட்டால்?

தம்பேதன்னைக்கும் அப்புத்தளைக்கும் இடையே பகலில் பஸ் ஓடிக்கொண்டேயிருக்கும். தரிப்பிடம் தேட வேண்டாம், வளைவு இல்லாத இடமாகப் பார்த்து நின்று கையைக் காட்டினால் நிறுத்துவார்கள். மதியம் ஒன்றரை, இரண்டு மணிக்குப் பள்ளி விட்டுவிடும். அந்த நேரத்து பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. அதற்கு முந்தையதைப் பிடியுங்கள், அல்லது அரை மணி நேரம் கடையில் உட்கார்ந்துவிட்டு அடுத்ததில் ஏறுங்கள். சில்லறை கையில் வைத்துக்கொள்ளுங்கள்; பெரிய நோட்டை நீட்டினால் கண்டக்டர் மிச்சத்தை டவுனுக்கு வந்துதான் தருவார்.